கயிறு யார் கையில்?

அத்தியாயம் 9

டிக்சன் மூன்றாவது கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்னதும் ஜெஸ்மி பேனாவை மூடினாள்.

கோபம் வந்தால் கத்துகிறவள் இல்லை அவள். குரல் இறங்கும். எதிரே இருப்பவர் காதைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டிய அளவுக்கு இறங்கும். துப்பறியும் வேலையில் அவளுக்கு உதவியாளனான பத்ரிநாத்துக்கு அது நன்றாகத் தெரியும் என்பதால் அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான்.

மில்லர்புரத்தில் ஒரு மாடி அறை அது. சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டி, நீல விளக்கு போட்டு, அதை ஸ்டுடியோ என்று சொன்னான் டிக்சன். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவதும் ஆடிக்கொண்டே பேசுவதும் அவன் தொழில். இப்போது எழுத்தாளன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மறுபடி சொல்லுங்க. கயிற்றை ஏன் செங்கோடன் கையில கொடுத்தீங்க?"

"சஸ்பென்ஸ் மேடம். எப்ப விடுவான், எப்ப விடுவான்னு படிக்கிறவன் பயந்துகிட்டே இருக்கணும்."

"இந்த ரூம்ல ஏசி வேண்டாம்லே," என்றான் பத்ரி. "ஒம் பதிலே போதும், குளிருது."

ஜெஸ்மி எழுந்துவிட்டாள்.

வழக்கு இதுதான். 'ஆழிக்கோட்டை' என்று ஒரு வீடியோ கேம். முகிலன் என்ற முத்துக்குளிப்பவன் கடலுக்கடியில் புதையல் தேடுவான், செங்கோடன் என்ற கொள்ளைக்காரன் அவனைக் கொல்லத் துரத்துவான். அந்த உலகத்தையும் அந்த ஆட்களையும் எடுத்துக்கொண்டு 'சிப்பி' என்ற புனைபெயரில் யாரோ இணையத்தில் தொடர்கதை எழுதினார்கள். அறுபத்தோரு அத்தியாயம் வந்திருக்கிறது. யார் எழுதுகிறார்கள் என்றே தெரியாமல் ஊரெல்லாம் வாசித்தது. கடைசியில் கேமை உருவாக்கிய நிறுவனமே கதையைக் கேட்டு வந்துவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு ஓட்டலில் ஒப்பந்தம். யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவர் பெயர்தான் அட்டையில் வரும். போட்ட பிறகு மாற்ற முடியாது.

சிப்பி நான்தான் என்றான் டிக்சன். சிப்பியின் கணக்கும் அதன் பாஸ்வேர்டும் அவன் கையில் இருந்தன.

இல்லை, நான்தான் என்று ஜெஸ்மியிடம் வந்தவள் சுப்ரஜா. ஸ்ரீவைகுண்டத்துப் பெண், விலங்கியல் படித்தவள், பத்ரியின் சித்தப்பா மகள். அவளைக் கூட்டிவந்தவனே பத்ரிதான். நான்கு நாளைக்கு முன்னால் வந்து, ஒரு மணி நேரம் தன் நகத்தையே பார்த்துக்கொண்டு, மொத்தம் பத்து வாக்கியம் பேசினாள். ஜெஸ்மி அப்போதே நம்பிவிட்டாள். பேச வராதவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அவளும் ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

நான்கு நாளில் ஜெஸ்மி அறுபத்தோரு அத்தியாயத்தையும் படித்தாள். கேமையும் ஆடிப் பார்த்தாள், பதினேழு தடவை மூழ்கிச் செத்தாள். பிறகு கதை எங்கெல்லாம் கேமின் விதியை மீறுகிறது என்று பட்டியல் போட்டாள். விதிப்படி எழுதின இடத்தை யார் வேண்டுமானாலும் தன்னுடையது என்று சொல்லலாம். மீறின இடத்துக்குக் காரணம் எழுதினவருக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய மீறல் மூன்று. கேமில் முகிலனுக்கு மூன்று உயிர், செத்தால் கலங்கரை விளக்கத்தடியில் கண் விழிப்பான். கதையில் ஒரே உயிர். கேமில் சாப்பிட்டுவிட்டு இறங்கினால் மூச்சு கூடுதலாக நிற்கும். கதையில் அவன் எப்போதும் வெறும் வயிற்றோடு இறங்குகிறான். மூன்றாவதுதான் வாசகர்களை ஆட்டிவைத்தது. முப்பத்தோராம் அத்தியாயத்திலிருந்து, முகிலனின் இடுப்புக் கயிற்றைப் படகில் இருந்து பிடிக்கிற வேலையை, அவனைக் கொல்லத் துரத்திய செங்கோடனிடமே கொடுத்துவிட்டார் சிப்பி. அதற்குப் பிறகு முப்பது அத்தியாயம் ஓடிவிட்டது. செங்கோடன் ஒரு தடவைகூடக் கயிற்றை விடவில்லை.

காலையில் சுப்ரஜாவிடம் மூன்றுக்கும் காரணம் கேட்டு எழுதிக்கொண்டாள். ஒரே உயிர், படிப்பவர் பயப்பட. வெறும் வயிறு, முகிலனின் ஏழ்மையைக் காட்ட. செங்கோடன், சஸ்பென்ஸ்.

டிக்சனும் அதையே சொன்னான். அதே வரிசையில்.

கீழே இறங்கி ஸ்கூட்டர் அருகே வந்ததும் பத்ரி ஹெல்மெட்டைத் தட்டினான். ஆளுக்கு முப்பது அத்தியாயம் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றை ஸ்ரீவைகுண்டம் பெருமாளுக்கு எழுதி வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னான்.

ஜெஸ்மி சிரிக்கவில்லை. நாசரேத்தில் இரண்டு வருடம் பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்தவள் அவள். இரண்டு தாளில் ஒரே சரியான விடை இருந்தால் அதில் ஒன்றுமில்லை. ஒரே தப்பான விடை இருந்தால்தான் பக்கத்து பெஞ்சைப் பார்க்க வேண்டும். இந்த விடை சரியா தப்பா என்று முதலில் தெரிய வேண்டும்.

"கதைக்குக் கீழ வாசகர் போட்ட கமெண்ட் எல்லாம் எடு. வெறும் வயித்தைப் பத்தி யாராவது கேட்டிருக்காங்களான்னு பாரு."

பத்ரி போனைத் தேய்த்தான். கேட்டிருந்தார்கள். 'ஏழ்மையைக் காட்ட அருமையான உத்தி' என்று ஒருவர் எழுதியிருந்தார், அதற்கு எண்ணூறு லைக். அதற்கும் கீழே யாரும் கவனிக்காத இடத்தில் சிப்பியின் பதில் ஒரே வரியில் கிடந்தது. 'வயித்துல சோத்த வச்சிட்டு முங்குனா மூச்சு நிக்காது, மேல வந்ததும் வாந்திதான்.'

முப்பத்தோராம் அத்தியாயத்துக்குப் போனான். அங்கேயும் அதிக லைக் வாங்கிய கமெண்ட் இதுதான்: 'எப்ப விடுவான், எப்ப விடுவான்னு பயமா இருக்கு. செம சஸ்பென்ஸ்.' சிப்பி அதற்குப் பதிலே போடவில்லை.

பத்ரி போனை மெதுவாகப் பைக்குள் வைத்தான். யாரோ வாசகர் ஊகித்ததை இரண்டு பேரும் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறார்கள். இரண்டு பேரும்.

ஜெஸ்மியின் காது சூடானது. இந்த முறை கோபம் டிக்சன் மேல் இல்லை. குனிந்த தலையைப் பார்த்து நம்பினது யார்? சுப்ரஜாவின் தப்பான விடையைச் சரியான விடை என்று நோட்டில் எழுதி, அதை வைத்து அடுத்தவன் தாளைத் திருத்தப் போனது யார்?

"அக்கா, அவ எங்க சித்தப்பா மக," என்றான் பத்ரி.

"தெரியும். வண்டிய எடு."

"எங்க?"

"முங்குறவங்க இருக்க இடத்துக்கு."

திரேஸ்புரம் கடற்கரையில் சங்குகுளிக்குப் போன படகுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. இப்போது யாரும் மூச்சை அடக்கி இறங்குவதில்லை. படகில் ஒரு கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து நீளமான குழாய் வழியே காற்று போகும், குழாயின் மறுமுனையை வாயில் கவ்விக்கொண்டு ஆள் கடலடியில் சங்கு பொறுக்குவார். மேலே ஒருவர் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழாய் மடங்கினால், கம்ப்ரசர் நின்றால், கீழே இருப்பவர் உயிர் மேலே இருப்பவர் கையில்.

மஞ்சள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஜெஸ்மி கேட்டாள், அவர் முங்கும்போது குழாயைப் பிடிப்பது யார் என்று. மச்சினன் என்றார். அடுத்த படகில் கேட்டாள். பெண்டாட்டியின் தம்பி. அதற்கடுத்த படகிலும் மச்சினன்தான்.

"கல்யாணம் ஆகாதவன் என்ன செய்வான் அண்ணாச்சி?" என்றான் பத்ரி.

"கரையில நிப்பான்," என்றார் பெரியவர் நிமிராமல். பெரியவரே தொடர்ந்தார். "கூடப்பிறந்தவன்கூட ஒரு கோவத்துல விட்டிருவான்லே. மச்சினன் விடமாட்டான். விட்டா அறுந்து போறது அவன் அக்கா தாலில்லா. எங்கப்பா காலத்துல கயிறு. இப்பம் குழாய். பிடிக்க ஆளு மாறல."

ஜெஸ்மிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கேமின் தொடக்கத்தில் ஒரு வரி வரும். முகிலனின் மனைவி பவளி, செங்கோடனின் அக்கா. கேமை உருவாக்கியவர்களே அதை அங்கே போட்டுவிட்டு மறந்துபோனார்கள். சிப்பி மறக்கவில்லை. அந்த ஒரு வரியை எடுத்து முப்பது அத்தியாயத்தைக் கட்டியிருக்கிறார். சஸ்பென்ஸ் இல்லை, அதற்கு நேர் எதிர். கயிறு பத்திரமான கையில் இருக்கிறது என்பதுதான் கதை. நாசரேத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் மில்லர்புரத்திலும் உட்கார்ந்து படித்தவர்கள் பயந்து செத்தார்கள். இந்தக் கரையில் பிறந்த ஒருவர்கூடப் பயந்திருக்க மாட்டார்.

"சுப்ரஜாவோட காலேஜ்ல இந்தப் பக்கத்துப் பொண்ணு யாராவது படிச்சாளா?"

பத்ரி அவளைப் பார்க்காமல் சொன்னான். "எமில்டா. வீட்டுக்கெல்லாம் வருவா. சுப்பு ரெக்கார்டு நோட்டுல இருக்க மீனு பூரா அவ வரைஞ்சு குடுத்தது."

"அப்பவே ஆரம்பிச்சிருக்கு."

தெருவில் விசாரித்தார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு சங்கு குடோன். ஓட்டை போட்ட பலகையில் சங்கை விட்டுப் பார்த்து அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள் எமில்டா. சதை அழுகிய வாடை மூக்கைப் பிடுங்கியது. சிப்பி என்ற பெயரைக் கேட்டதும் அவள் கை நின்றது.

"அவ அனுப்புனாளா?"

இல்லை என்றதும் மறுபடி சங்கை எடுத்தாள். கோபத்தில் கொஞ்சம் பலமாகவே போட்டாள். சங்கு சங்கில் மோதும் சத்தத்துக்கு நடுவே அவள் சொன்னது இவ்வளவு. மாமா மகளின் போனில் அந்த கேமை எமில்டா ஆடிப் பார்த்தாள். தின்றுவிட்டு முங்குகிறான், செத்துச் செத்து எழுந்திருக்கிறான். இதை உண்டாக்கினவர்கள் கால்கூட நனைக்காதவர்கள் என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் கதையைத் தொடங்கினாள். கை எப்போதும் ஈரம், டைப் அடிக்க வழியில்லை. வேலைக்கு நடுவிலும் வீட்டிலுமாகப் போனில் பேசிப் பேசி சுப்ரஜாவுக்கு அனுப்பினாள். சுப்ரஜா கதையை மட்டும் நல்ல தமிழில் அடித்து ஏற்றினாள், காரணம் சொன்னால் காதில் வாங்க மாட்டாள். கை காய்ந்த நேரம் கமெண்டுக்கு எமில்டாவே எப்போதாவது ஒரு வரி போடுவாள். அறுபத்திரண்டாவது அத்தியாயத்தில் இரண்டு பேர் பெயரையும் போடுவது என்று பேச்சு. நிறுவனத்தின் கடிதம் வந்த நாளிலிருந்து சுப்ரஜா போனை எடுப்பதில்லை. எமில்டாவின் பழைய போன் கடலில் விழுந்து போனது, பேசியனுப்பியது ஒன்றும் அவளிடம் இல்லை. டிக்சனா? கதையைத் தன் சேனலில் வாசிக்கிறேன் என்று பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினான், சுப்ரஜாதான் கொடுத்தாள்.

"திருடினவகிட்டயே திருடியிருக்கான்," என்றான் பத்ரி. யாரும் சிரிக்கவில்லை. அவனும்.

மணி நாலேகால். கூட வா என்றாள் ஜெஸ்மி. எமில்டா தலையை ஆட்டினாள். அந்த ஓட்டலுக்குள் இந்த வாடையோடு போய் நின்று, படித்தவர்களுக்கு நடுவில் நான்தான் என்று நிரூபிக்கத் தன்னால் ஆகாது என்றாள்.

"அப்ப அவங்க பேரு வரட்டும்," என்றாள் ஜெஸ்மி, வேண்டுமென்றே.

எமில்டா கையிலிருந்த சங்கைக் கீழே வைத்தாள்.

"எங்க அப்பா முங்குறவுக. மூணு வருசத்துக்கு முன்ன பன்னெண்டு பாகம், எழுவது அடி ஆழத்துல கிடக்கையில கம்ப்ரசர் நின்னுட்டு. மேல குழாயப் பிடிச்சது எங்க மாமா, அம்மா கூடப்பிறந்த தம்பி. மூச்சு போயிரும்னு ஒரே இழுப்புல இழுத்துட்டாவ. அம்புட்டு வேகமா வரப்பிடாது அக்கா, ரத்தத்துல காத்துக் குமிழி அடைச்சிரும். உசுரு வந்துட்டு. காலு ரெண்டும் போச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு அம்மா மாமாவைக் கேக்காத கேள்வி இல்ல. அன்னைக்குப் போனவரு குலசேகரன்பட்டினத்துல கிடக்காரு. எங்க வாசல மிதிக்கல."

புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"மாமா இந்தக் கதைய வாசிக்காவளாம். மாமா மக சொன்னா. யாரு எழுதுதான்னு தெரியாமலே வாசிக்காவ. எம் பேருல வந்தாத்தான் அது அவருக்குச் சொன்னதுன்னு தெரியும். அந்த முப்பது அத்தியாயமும் அதுக்குத்தான் எழுதினேன். வேற எதுக்கும் இல்ல."

ஜெஸ்மி பேனாவை மூடினாள். வந்த இரக்கத்தையும் கோபமாகவே மாற்றிக்கொண்டாள். அவளுக்கு அதுதான் வரும். "எந்திரி," என்றாள். "வாடையோடயே வா."

ஐந்துக்குப் பத்து நிமிடம். ஓட்டலின் சின்ன அறையில் நிறுவனத்தின் சார்பில் ஷெர்லி என்ற பெண் காகிதங்களோடு காத்திருந்தாள். மேசைக்கு ஒரு பக்கம் டிக்சன். மறுபக்கம் சுப்ரஜா, நகத்தைப் பார்த்தபடி. வாசலில் எமில்டாவைக் கண்டதும் அந்த நகம் பார்க்கிற தலை இன்னும் குனிந்தது.

ஜெஸ்மி உட்காரவில்லை. செங்கோடன் கையில் கயிறு ஏன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். டிக்சன் சஸ்பென்ஸை மறுபடி எடுத்தான். சுப்ரஜா நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள். எமில்டா மூன்று வரியில் சொன்னாள். ஷெர்லி நிமிர்ந்து பார்த்தாள். கதையை மூன்று முறை படித்ததாகவும், ஒவ்வொரு முறையும் பயந்ததாகவும் ஒத்துக்கொண்டாள். ஆனால் விளக்கம் வேறு, சான்று வேறு என்றாள். அழகான காரணத்தை வைத்துத் தன்னால் பெயர் எழுத முடியாது. கணக்கு டிக்சனிடம் இருக்கிறது.

"அதான மேடம்," என்றான் டிக்சன். "இந்தக் கதைய பீச்ல நிக்கிற யாரு வேணாலும் சொல்லலாம்."

ஜெஸ்மி சுப்ரஜாவின் பக்கம் திரும்பினாள். குரல் தரைக்கு இறங்கியிருந்தது.

"அவ பேசி அனுப்பினதெல்லாம் உன் போன்ல இருந்துச்சு. அழிச்சிட்டியா?"

சுப்ரஜா கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது. ஷெர்லி பேனா மூடியைத் திருகினாள். ஜெஸ்மிக்கு அந்தப் போனைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. பிடுங்க முடியாது. அவள் எல்லாக் கெட்டிக்காரத்தனமும் இந்த மேசையோடு முடிந்துபோயிற்று.

பத்ரிதான் பேசினான். அவன் குரலில் முதல்முறையாக விளையாட்டு இல்லை.

"சுப்பு. ரெக்கார்டு நோட்டுல மீனு யாரு வரைஞ்சான்னு சித்தப்பாகிட்ட நான் இன்னைக்கு வரைக்கும் சொல்லல. சொல்லாம இருந்தது தப்பு. போன எடு."

சுப்ரஜா அழவில்லை. கைப்பையைத் திறந்தாள். அவள் எதையும் அழித்திருக்கவில்லை. முப்பத்தோராம் அத்தியாயம் பதிவான நாளைத் தேடி எடுத்து, போனை மேசை நடுவில் வைத்து, விரலால் தொட்டாள்.

முதலில் ஒரு மின்விசிறிச் சத்தம். பிறகு எமில்டாவின் குரல், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுகிற குரல். இனி முகிலன் பெரிய முழுக்குக்கு இறங்குகிறான், கயிற்றை யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை, நல்லவன் ஒருத்தனைப் புதிதாகக் கொண்டுவரலாமா சுப்பு என்று கேட்டாள். ஒரு நிமிடம் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். அப்புறம் கொஞ்சம் தள்ளி, கட்டிலில் படுத்தபடி பேசுவதுபோல, ஒரு ஆணின் குரல்.

"செங்கோடங்கிட்டயே குடுளா. மச்சினன் விடமாட்டான். வேகமா இழுத்தாலும் உசுரோட இழுப்பான்."

பதிவு முடிந்தது. "எங்க அப்பா," என்றாள் எமில்டா.

டிக்சன் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவனை யாரும் நிறுத்தவில்லை. ஜெஸ்மி நோட்டைத் திறந்து, காலையில் எழுதிய சுப்ரஜாவின் மூன்று விடைகளையும் கிழித்து, மடித்து, அவள் முன்னால் வைத்தாள். "இது உன்னுடையது," என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. மன்னிப்பதெல்லாம் எமில்டாவின் பாடு.

எமில்டாவும் மன்னிக்கிற முகமாக இல்லை. "ஒனக்கு நான் தேங்க்ஸ் சொல்ல மாட்டேன்," என்றாள் சுப்ரஜாவிடம். "இந்த ஒண்ண மட்டும் எங்க மாமாவுக்கு அனுப்பு, நம்பர் சொல்லுதேன்."

ஷெர்லி காகிதத்தைத் திருப்பி வைத்து, முழுப் பெயர் என்ன என்று கேட்டாள். பொறுங்க என்று கையைக் காட்டினாள் எமில்டா. எல்லாரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு டிக். இரண்டு டிக். நீலமானது. பதிவு ஓடுகிற நேரம் போயிற்று. அதைவிடக் கூடுதலாகவும் போயிற்று. இரண்டாம் முறை கேட்கிறார் போல. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

வந்தது ஒரே வரி. எமில்டா அதை வாய்விட்டு வாசித்தாள்.

"அத்தான் வீட்லதான இருக்காவ? நான் பஸ் ஏறுதேன்."

சங்கு வாடையடிக்கும் கையைப் பாவாடையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, எமில்டா பேனாவை வாங்கினாள்.